அணைய மறுத்த விளக்கு

நுவரெலியா கடைவீதியில் இருக்கும் எங்கள் ஜவுளிக்கடையில் மழை பெய்தாலே பியூஸ் போய்விடும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததாகச் சொன்ன ஒரு வயர்மேனைக் கூப்பிட்டேன். ஆளைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. துணியைச் சுருட்டிவிடுவாரோ என்று அவர் பையையே கவனித்தேன். பியூஸ் பெட்டியில் அவர் என்ன செய்கிறார் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இனிமே லைட்டு அணையாதுங்க முதலாளி" என்றார். அடைமழையிலும் அணையவில்லைதான். ஆனால் ஒருநாள், "ஏங்க, ரப்பர் கருகுற வாடை வருதுங்க!" என்று மனைவி கத்தினாள். சுவரோரம் பழைய வயர் புகைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். பியூஸைக் கழற்றினால், மின்சாரம் மிஞ்சினால் உருகி அறுந்துபோக வேண்டிய மெல்லிய கம்பியின் இடத்தில் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளைத் தடிமனாக முறுக்கி வைத்திருக்கிறார்!

இப்போது எந்த வயர்மேன் வந்தாலும் பியூஸைத் திறந்து காட்டச் சொல்கிறேன். பெருமழையிலும் விளக்கு மினுங்காமல் எரிந்தால், எழுந்துபோய்ச் சுவரை மோந்து பார்க்கிறேன்.