ஹெனியா கொண்டுபோன கோழி

ஹெனியா திருடவில்லை. கோழியும் திருடவில்லை, மாவும் திருடவில்லை. எங்கள் ஊர் சொரோக்காவில் இன்னும் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு அவளைத் திருடி என்கிறார்கள். கொறிக்கட்டும், பல் இருக்கிறவரைக்கும். உதவி இல்லத்திலிருந்து அவளைத் துரத்திவிட்டார்கள் என்பதும் பொய். அவளாகத்தான் போனாள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உண்டு. இப்போது ஸெலிக் வாத்தியாரும் மினாவும் ஆற்றங்கரை மேட்டில் நம் யூத இடுகாட்டில் படுத்துவிட்டார்கள். இனி எதுவும் அவர்கள் காதுக்குப் போகாது. அதனால் சொல்லலாம்.

ஓய்வூதியம் மாதக்கணக்கில் வராமல் நின்ற வருஷங்கள் அவை. வந்தால் ரொட்டிக்கே காணாது. ஜெபக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் நம்மவர்கள் அந்த இல்லத்தைத் திறந்தார்கள். நடக்க முடிந்தவர்களுக்கு மதியம் அங்கேயே சூடாகச் சூப். முடியாதவர்களுக்கு வியாழக்கிழமைதோறும் வீட்டுக்கே ஒரு பை வரும். கோழி, மாவு, கேரட், வெங்காயம், வெள்ளி மாலை ஓய்வுநாள் பிறக்கும்போது ஏற்றுவதற்கு இரண்டு மெழுகுவர்த்தி.

பை கொண்டுபோன பெண்களில் ஹெனியாவும் ஒருத்தி. பழத்தை டப்பாவில் அடைக்கிற ஆலையில் முப்பது வருஷம் நின்று வீங்கிய கால் அவளுக்கு. பையைக் கொடுத்துவிட்டு ஓடிவருகிறவள் இல்லை. கிழவிகளுக்குத் தலை அலசிவிடுவாள், நகம் வெட்டுவாள், வெட்டும்போதே திட்டுவாள். கண் தெரியாத ஒரு கிழவருக்குச் செய்தித்தாளில் இல்லாத நல்ல செய்தியெல்லாம் வாசித்துக் காட்டுவாள். அவர் செத்துப்போகிறவரை நாடு நன்றாக இருக்கிறதென்றே நம்பினார்.

ஆற்றோரக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஸெலிக், பூகோள வாத்தியாராக இருந்தவர். அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் மினா, மருந்துக்கடையில் இருந்தவள். இரண்டு பேருக்கும் யாரும் இல்லை. படிக்கட்டில் பார்த்தால் தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான் பழக்கம். ஹெனியா முதல்தடவை பை கொண்டுபோனபோது வாத்தியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஜெபக்கூடத்துத் தர்மப்பெட்டியில முப்பது வருஷம் காசு போட்ட கை இது. இப்ப அதே பெட்டிக்குள்ள கையை விடச் சொல்றியா?" என்றார்.

மினா கதவைச் சங்கிலி அளவுக்குத் திறந்து, டாக்டர் பத்தியம் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிச் சாத்திவிட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டில் சமையல் வாசனை வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஹெனியாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாத்தியார் வீட்டில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போனதையும் அவள் பார்த்தாள்.

நம் சட்டம் ஒன்று உண்டு. தர்மம் வாங்கித் தின்கிறவனும் தர்மம் கொடுத்தாக வேண்டும், அதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. ஹெனியா பெரிய படிப்பு படித்தவள் அல்ல, ஆனால் இது தெரியும். சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே பையில் போட்டு மூன்று மாடி ஏறினாள்.

"பயப்படாதீங்க வாத்தியாரே, உங்களுக்கு ஒண்ணும் கொண்டுவரல. கீழ்வீட்டு மினாக்கா பட்டினி கிடக்குறாங்க. எங்க கையால வாங்க மாட்டாங்க. பழைய மாணவன் கிராமத்துலேர்ந்து அனுப்பினான்னு சொல்லி நீங்க கொடுத்தா வாங்கிப்பாங்க."

வாத்தியார் நிமிர்ந்து நின்றார். அந்தம்மாவுக்கு அவ்வளவு வீம்பா என்று கேட்டார். சில பேர் அப்படித்தான் வாத்தியாரே, என்ன செய்வது என்றாள் ஹெனியா, முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல்.

நேராகக் கீழே இறங்கி மினாவின் கதவைத் தட்டினாள். "மாடி வாத்தியாருக்கு யாரோ கோழி அனுப்புறாங்க, மனுஷனுக்கு அடுப்பு மூட்டவே தெரியல. வாரம் ஒருதடவை உங்ககிட்ட கொண்டுவருவாரு. நீங்க சமைச்சு, எதிர்ல உட்கார்ந்து நீங்களும் சாப்பிட்டாத்தான் அவர் தொண்டையில இறங்கும்" என்றாள். மினா, ஆம்பளைங்களே இப்படித்தான் என்று பெருமூச்சு விட்டு, பானையைத் தேடப்போனாள்.

இரண்டு குளிர்காலம் இப்படியே ஓடியது. வெள்ளிக்கிழமை சாயந்திரமானால் வாத்தியார் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இறங்குவார், மினா மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அவர் ஹெனியாவைத் தனியாகப் பிடித்து, பாவம், மினாவுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது, சொல்லிவிடாதே என்பார். மினாவும் அதையே அவரைப் பற்றிச் சொல்வாள். வாத்தியார் மினாவின் நூடுல்ஸ் சூப்பைப் பற்றிக் குறைசொல்ல ஆரம்பித்ததும், இனி பயமில்லை என்று ஹெனியா நினைத்தாள்.

பிறகுதான் இல்லத்துக்குப் பணம் அனுப்புகிற வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து உத்தரவு வந்தது, பை வாங்குகிறவர் ஒவ்வொருவரும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று. இவர்களிடம் எந்தக் காகிதத்தை நீட்டுவது? ஹெனியா இரண்டு பெயரை அவளே எழுதினாள். செத்துப்போன தன் அப்பா ஷாயா, அம்மா பெஸ்யா. செத்தவர்கள் பெயரால் தர்மம் செய்தால் அவர்களுக்குப் புண்ணியம் சேரும் என்பது நம் வழக்கம்தானே? அவள் மனசில் அது பொய்யாகவே படவில்லை. தப்புதான், ஆனால் நம் ஜனத்தைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு தோன்றாது.

இடுகாட்டைப் பார்த்துக்கொள்கிற ஃபான்யா ஒருநாள் சூப்புக்கு வந்தவள் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டாள். "செருப்புத் தைக்கிற ஷாயாவா? போன வாரம்தான் அவர் கல்லறைக் கல்லுல பாசி சுரண்டினேன். மண்ணுக்குள்ள படுத்துக்கிட்டே கோழி திங்கிறாரா?" சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கச் சிரித்தது. அடுத்த வியாழக்கிழமை ஹெனியாவின் பின்னாலேயே போய்ப் பை எந்த வீட்டுக்குள் நுழைகிறது என்று பார்க்கப்போவதாக ஃபான்யா பெஞ்சில் சபதம் போட்டாள்.

இல்லத்தை நடத்தியவன் இல்யா, நாற்பது வயது, முன்னாள் இன்ஜினியர். ரொட்டியைக்கூட அளவுகோல் வைத்து வெட்டுகிறவன். புதன்கிழமை அவளைக் கூப்பிட்டான். கதவைச் சாத்திக்கொண்டு அவனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். அவனே பின்னாளில் சொன்னதுதான் இதெல்லாம். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். நானே போய் இரண்டு பேரிடமும் பக்குவமாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன், உங்கள் பெயர் சுத்தமாகிவிடும் என்றான்.

"கையெழுத்துப் போடுவாங்க இல்யா. அப்புறம் சாப்பிட மாட்டாங்க."

இல்யா அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

"நான் திருடினதாவே இருக்கட்டும். திருடி போயிட்டா ஃபான்யா யார் பின்னால வருவா? தேடுறது நின்னுடும். நாளையிலேர்ந்து பையை நீ தூக்கு. உன் பேர்ல எடுத்துக்கோ. நடத்துறவன் எங்க கொண்டுபோறான்னு எவளும் கேக்க மாட்டா."

"உங்க பேரு, அத்தை?"

"என் பேரை வெச்சு நான் என்ன சூப்பா காய்ச்சப்போறேன்?"

பிறகு அவனுக்குப் பாடம் நடத்தினாள். மாடி ஏறியதும் உடனே தட்டாதே, கொஞ்சம் மூச்சு வாங்கு. கொடுக்க வந்தவன் மாதிரி நிற்காதே, கேட்க வந்தவன் மாதிரி நில். எங்கே, சொல்லிக்காட்டு. அவன் சொன்னான். இரண்டு தடவை தவறாகச் சொன்னான், காது சிவந்துவிட்டது. மூன்றாவது தடவை, "வாத்தியாரே, மினாக்கா விஷயமா ஒரு உதவி வேணும்" என்று தலைகுனிந்து சொன்னபோது, ம், அதுதான், பிடித்துக்கொண்டாய் என்றாள்.

ஹெனியா மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள். கூடத்தில் சூப்புக்காக முப்பது பேர் வரிசையில் நின்றார்கள், ஃபான்யா முதல் ஆளாக. சமையலறை வழியாகப் போய்விடுங்கள் அத்தை, யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று இல்யா கெஞ்சினான்.

"பின்வாசலால போனா திருடி போனது யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவே, அத்தனை பேரும் பார்க்க, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்து, முன்வாசல் வழியாக ஹெனியா வெளியே போனாள்.