கத்திரிப்பூ நிறச் சுவர்

பெயிண்ட் வாடையும் வெங்காய வாடையும் கலந்து மூக்கில் ஏறினால் எனக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற வீடுகளில் அச்சு முறுக்கு மணக்கும்போது பண்டிகை தொடங்கும்; ஈப்போ குனோங் ராபாட்டில் இருந்த எங்கள் வீட்டிலோ, அம்மா பெரிய வெங்காயத்தை நாலாக அறுத்து, தண்ணீர் ஊற்றிய மங்குக் கிண்ணங்களில் போட்டு, ஹாலின் மூலைக்கு மூலை வைக்கும்போதுதான் தொடங்கும். "வெங்காயம் பெயிண்டு வாடைய இழுத்துக்கும்" என்பது அம்மாவின் விசுவாசப் பிரமாணங்களில் ஒன்று. இழுத்துக்கொண்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு வாடையும் கூட்டுச் சேர்ந்து எங்கள் தலைமயிரில் ஏறி, கிறிஸ்துமஸ் பூசைக்கும் எங்களோடு கோயிலுக்கு வந்தன.

எங்கள் வரிசையில் இந்து வீடுகள் தீபாவளிக்குப் பெயிண்ட் அடிக்கும், டிசம்பரில் எங்கள் முறை வரும். வருடா வருடம் வெள்ளைதான். அப்பா சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தோட்டத்தில் கொடுக்கும் சுண்ணாம்பைத் தவிர வேறு நிறம் உண்டு என்றே அங்கே யாரும் நினைத்துப் பார்த்ததில்லை போலும். ஈப்போவுக்கு வந்து சொந்த வீடு வாங்கிய பிறகும் கடையில் அவர் கை தானாக வெள்ளை டின்னுக்குத்தான் போகும். "வெள்ளைன்னா ஒரு கவலை இல்ல, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பார். யாரும் ஒண்ணும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் குடும்பத்தின் தலையாய கொள்கை.

அந்தக் கொள்கைக்கு ஒரே விதிவிலக்கு, எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை பிலோமினா, எனக்குப் பிலோ அத்தை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. முப்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடி வரவில்லை. காரணம் ஊருக்கே தெரியும்: அத்தைக்குச் சிரிப்பை அடக்க வராது. கடைசியாகப் பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மடங்கி, உட்கார்ந்தவாக்கிலேயே தரைக்குப் போனார். வீடே பதறி ஓடியது. அத்தை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். "பொண்ணுக்கு அடக்கம் போதாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அத்தை சாப்பிடாமல் படுத்திருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த டிசம்பரில் பாகான் செராயிலிருந்து ஒரு வரன் வந்தது. அந்தோணி என்று பெயர், அரிசி ஆலையில் லோரி ஓட்டுகிறவர். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் வர மாட்டார்கள் என்று பெரியவர்கள் கிசுகிசுத்தது அத்தைக்கும் கேட்டிருக்கும். அவள் அப்பாவிடம் போய், "அண்ணே, வரவங்க வரட்டும். ஆனா இந்த வருஷம் கலரு நான்தான் பாப்பேன்லா" என்றாள். கடை முதலாளி தவுக்கே நீட்டிய வண்ண அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஓர் ஊதாவில் விரலை வைத்தாள். "கத்திரிப்பூ கலரு. நம்ம லயத்துக் கொல்லையில பூத்துச்சே, ஞாபகம் இருக்காண்ணே?" அப்பாவுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டார்.

சனிக்கிழமை நாங்கள் எல்லோருமாக அடித்து முடித்தோம். அட்டையில் பூப்போல் இருந்தது சுவரில் ஏறியதும், அதுவும் குழல் விளக்கைப் போட்டதும், கொஞ்சம் கனமாகத்தான் தெரிந்தது. "காஞ்சா சரியாயிடும்" என்றாள் அம்மா. மறுநாள் மாலையில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வர, அப்பாவின் அக்கா, சுங்காய்ப் பெரியத்தை, பஸ் பிடித்து வந்து இறங்கினாள். வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "ஏசுவே! என்னடா இது? தவக்காலத்துல கோயில்ல சுருபத்தை மூடுவாங்களே, அந்த ஊதாத் துணிய எடுத்து வீட்டுக்குப் போத்துன மாதிரி இருக்கு! பொண்ணு பாக்க வரவங்களுக்குப் பெரிய வெள்ளிக்கிழமைய காட்டப் போறீங்களா?" சொன்ன பிறகு எங்களுக்கும் அப்படியே தெரியத் தொடங்கியதுதான் கொடுமை. "இப்பவே வெள்ளைய அடி" என்றாள் பெரியத்தை. "வெள்ளைய அடிச்சா நான் கிச்சன விட்டு வெளிய வர மாட்டேன்" என்றாள் பிலோ அத்தை. கண் கலங்கியிருந்தது, அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்பா அக்காவையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பின்கட்டுக்குப் போய், போன வருடத்து வெள்ளை டின்னைக் கொண்டுவந்து மிச்சமிருந்த ஊதாவில் ஊற்றிக் கலக்கினார். சுவரில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். அத்தனை நேரம் தவக்காலமாக இருந்தது, வெயில் பட்ட கத்திரிப்பூவாக மாறிவிட்டது. பெரியத்தை அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். பிலோ அத்தை, "இதுதாண்ணே, இதேதான்!" என்று கையைத் தட்டினாள். யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது என்று வாழ்ந்த மனுசர், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை இரண்டு பேரையும் சந்தோஷப்படுத்திய நாள் அது.

அவசர அவசரமாக முழு ஹாலுக்கும் அடித்தோம். வானம்தான் சதி செய்தது. ஈப்போ மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மத்தியானமே ஊரைச் சுற்றியிருந்த சுண்ணாம்புக்கல் குன்றுகள் தெரியாமல் மறைந்து, கொட்டோ கொட்டென்று கொட்டியது. சுவர் பிசுபிசுவென்றே இருந்தது. "காயலன்னு வரவங்ககிட்டச் சொல்லிடலாமே" என்றாள் அம்மா. "சொன்னா, நமக்காக இன்னைக்குத்தான் அடிச்சிருக்காங்கன்னு நெனப்பாங்க, மானம் போயிடும். நாற்காலிய எல்லாம் நடுவுல இழுத்துப் போடு" என்றாள் பெரியத்தை.

வந்தார்கள். ஹாலின் நடுவே, சுவருக்குப் பயந்தவர்கள்போல் நெருக்கியடித்து வட்டமாக உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதா கெட்டதா என்று முகத்தில் தெரியவில்லை. அந்தோணி மாமா வெள்ளைச் சட்டையில், பேசினால் வரி போடுவார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். என் அம்மா உட்கார இடமில்லாமல் நிற்பதைப் பார்த்ததும் சட்டென எழுந்து, "அக்கா, நீங்க உக்காருங்க" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். பிறகு இரண்டடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு, நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தார்.

பெரியத்தையின் வாய் திறந்து மூடியது. அப்பா கூரையைப் பார்த்தார். மானம் பெரிதாயிற்றே, யார் சொல்வது? அந்த நேரத்தில் பிலோ அத்தை தேத்தண்ணித் தட்டோடு வர, மாமா கோப்பையை எடுக்க முன்னால் வந்து, தன் அம்மாவுக்குக் கொடுக்கத் திரும்பினார். தோளிலிருந்து இடுப்பு வரை முதுகு முழுக்கக் கத்திரிப்பூ.

"டேய் அந்தோணி, முதுகப் பாருடா!" என்றார் அவர் அம்மா. முதுகை யார் பார்க்க முடியும்? மனிதர் இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றினார். கோப்பைகள் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. அத்தையைப் பார்த்தேன். உதட்டைக் கடித்திருந்தாள், தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது. வேண்டாம் அத்தை, வேண்டாம் என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டிருக்கும்போதே பீறிட்டு வந்துவிட்டது அந்தச் சிரிப்பு. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சுற்றிக்கொண்டிருந்த மாமா நின்றார். அத்தையைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார், லோரி ஓட்டுகிறவர் சிரிப்பு, வீடே அதிர்ந்தது. அத்தை ஈரத்துணியோடு ஓடிவந்து, "காயறதுக்குள்ள தொடச்சா போயிடும்" என்றாள். "பரவால்லலா, இருக்கட்டும். நல்ல கலருதான்" என்றார் அவர். அவருடைய அம்மா, "போன வீட்டுல எல்லாம் பலகாரம்தான் குடுத்தாங்க, இங்க கலரும் சேத்துக் குடுக்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தபோது பதறி எழுந்திருந்த பெரியத்தை பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். அதன் பிறகு டிசம்பர் தோறும் மாமா பாகான் செராயிலிருந்து வந்து, அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு, எங்கள் ஹாலுக்கு அதே நிறம் அடித்துத் தருவார். அப்பா காலமான பிறகு அந்த வீடு கைமாறிவிட்டது. இப்போது அந்த வரிசையே சாம்பல் பூசி நிற்கிறது; அதுதான் நாகரிகமாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டார்களாம்.

போன மழைக்காலத்தில் அந்தோணி மாமாவும் போய்விட்டார். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அத்தையை என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவள் வருகிறாள் என்று ஹாலுக்குக் கத்திரிப்பூ நிறம் அடிக்கச் சொல்லியிருந்தேன். ஆட்கள் காலையில் வந்தார்கள், மத்தியானத்துக்குள் முடித்துப் போய்விட்டார்கள். வாடையே இல்லாத பெயிண்ட், வெங்காயத்துக்கு வேலையில்லை.

அத்தை உள்ளே வந்து வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே போய், வலது உள்ளங்கையை அகல விரித்து அதன்மேல் அழுத்தி வைத்தாள். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கையில் ஒன்றுமில்லை.

"ஒட்டலியே" என்றாள்.

"இப்ப உள்ள பெயிண்டு ஒடனே காஞ்சிடும் அத்தை."

அவள் அந்தக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், ஏதோ ஒட்டியிருப்பதுபோல. "அப்பவே இந்தப் பெயிண்டு வந்திருந்தா, ஒங்க மாமா தப்பிச்சிருப்பாருலா" என்றாள். சொல்லிவிட்டு அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.