வெள்ளிக்கிழமையில் விழாத துண்டுகள்

ரூபேந்திரன் கோலாலம்பூருக்குத் திரும்பியது 2024 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. என் அண்ணன் வசந்தன் வேலை செய்யும் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் நெட்வொர்க் பொறியாளர் அவர். ஜோகூரின் லார்க்கின் பஸ் நிலையத்தில் அவரை இறக்கிவிட நான் காரை ஓட்டினேன். பக்கத்தில் அண்ணன்.

"கோச்சிக்காதீங்கண்ணே. காலையிலேர்ந்து பார்த்தாச்சு. மூணு லைனும் சுத்தம். வழியில ஒரு பாக்கெட் கூட விழல. ரிப்போர்ட்ல அதைத்தான் எழுத முடியும்" என்றார் ரூபேந்திரன்.

"எழுதுங்க தம்பி. ஆனா ரிசல்ட் போக மாட்டேங்குதே."

"உங்க பக்கம்தான் ஏதோ இருக்கு லா. நல்லா பாருங்க."

பஸ் கிளம்பிய பிறகும் அண்ணன் கொஞ்ச நேரம் காரில் ஏறவில்லை. 'உங்க பக்கம்' என்றால் அண்ணன் ஒருவர்தான்.

தம்போயில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அண்ணனுக்குக் கணினி வேலை. சுற்று வட்டாரத்து அரசாங்கக் கிளினிக்குகளின் ரத்த மாதிரிகள் அங்கே வரும். முடிவுகள் கோலாலம்பூருக்குப் போய், ஒரு நிபுணர் பார்த்த பிறகுதான் டாக்டரைச் சேரும். சில மாதங்களாக அவை அவ்வப்போது பாதி வழியில் நின்றன. கிளினிக்குகள் தொலைபேசியில் திட்டின. மாதக் கடைசிக் கூட்டத்துக்குள் தீராவிட்டால் தம்போய் கணினி வேலையைத் தலைமை அலுவலகமே எடுத்துக்கொள்ளும் என்று கோலாலம்பூர் மேலாளர் சதாசிவம் சொல்லியிருந்தார்.

அண்ணனும் நானும் லாபிஸ் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர்கள். நான் இருபது வயதில் பையைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு சுற்றப் போனேன். அவர் தம்போய்க்கு வந்ததோடு நின்றுவிட்டார். சிங்கப்பூரில் நல்ல வேலை இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்றார். அண்ணி சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறார். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டினால் இருட்டித்தான் வீடு. ஏழு வயது லோஷினிக்குத் தலை பின்னி, பள்ளியில் விட்டு, மத்தியானம் கூட்டிவந்து சோறு போட ஒருவர் இந்தப் பக்கம் இருக்க வேண்டும். தம்போய் வேலை போனால் அண்ணனும் பாலம் தாண்ட வேண்டியதுதான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை. நான் எத்தனை நாள் தங்குவேன் என்று எனக்கே தெரியாது.

வெளிநாட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்கு நான் வந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லோஷினியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம் என்று எழுந்து வந்தால், அவள் யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பின்னிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை என்னா யூனிஃபார்ம்?"

"அத்தை, நீங்க மலேசியாவா இல்லையா? இன்னிக்கு ஸ்கூல் லா!"

மறந்தே போயிருந்தேன். ஜோகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. கோலாலம்பூரில் சனி, ஞாயிறு.

"அப்ப அந்த ரூபேந்திரன் உங்க லீவு நாள்லயா வந்துட்டுப் போனாரு?"

"நான்தான் வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். வேலை நாள்ல லைனை நோண்டினா ரிசல்ட் நின்னுடும். அவங்களுக்கு அது வேலை நாள், நமக்கு லீவு. யாருக்கும் தொந்தரவு..."

பின்னல் பாதியில் நின்றது.

"அப்பா, வலிக்குது!"

"அவரு வந்த எல்லாத் தடவையும் நான்தான் வெள்ளிக்கிழமை குடுத்தேன்" என்றார் அண்ணன்.

காரில் போகும்போது எனக்கு விளக்கினார். தம்போய்க்கும் கோலாலம்பூருக்கும் மூன்று லைன்கள், ஒரு கட்டாகச் சேர்த்து ஒரே லைன்போல ஓடுகின்றன. அனுப்புவதைப் பாக்கெட் என்ற துண்டுகளாக நறுக்கி, எண் போட்டு, மூன்றிலும் பிரித்து விடுவார்கள். அந்தப் பக்கம் எண் வரிசையில் சேர்க்க வேண்டும்.

"உன் ஸ்கூலுக்கு மூணு வேன் வருதுன்னு வையி" என்று லோஷினியிடம் திரும்பினார். "டீச்சர் நம்பர் வரிசையிலதான் உள்ள விடுவாங்க. நாலாம் நம்பர் பிள்ளை லேட்டா வர்ற வேன்ல இருக்கு. அஞ்சும் ஆறும் கேட்டுலயே நிக்கும். கேட்டு நெறைஞ்சா?"

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நல்ல ஸ்கூல்பா அது!"

மூன்றாவது லைன் கூட்டம் சேர்ந்தால்தான் திறக்கும். கிளினிக்குகள் இரண்டு நாள் மூடிக் கிடந்துவிட்டு ஞாயிறு திறக்கும்போது மாதிரிகள் குவியும். அன்று மட்டும்தான் மூன்றும் சேர்ந்து ஓடும். அன்று கோலாலம்பூரில் பார்க்க ஆள் இல்லை. ஆள் பார்க்கும் வெள்ளியன்று தம்போயில் அனுப்ப எதுவும் இல்லை. தனித்தனியாகச் சோதித்தால் மூன்றும் சுத்தம்தான். மூன்றாவது வேன் பழுதில்லை, தாமதமாக வருகிறது, அவ்வளவுதான் என்பது அண்ணனின் ஊகம்.

லோஷினியைப் பள்ளியில் விட்டுவிட்டு அண்ணனோடு நானும் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். கிளினிக் பெட்டிகள் வந்து இறங்கின. பதினொரு மணிக்கெல்லாம் முடிவுகள் தேங்கத் தொடங்கின. அண்ணன் ரூபேந்திரனைக் கூப்பிட்டார். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"அண்ணே, கிள்ளான்ல கல்யாணத்துல இருக்கேன். இப்பத்தான் பந்தியில உக்காந்தேன்."

"அஞ்சு நிமிஷம் தம்பி. உங்க பக்கத்து ரூட்டரைத் தொறந்து பாருங்க."

"ஞாயித்துக்கிழமை மனுசனைச் சாப்பிட விட மாட்டீங்களா? என் சம்சாரம் முறைக்குது."

"வெள்ளிக்கிழமை வந்தீங்களே, அது என் லீவு. கணக்கு சரியாப் போச்சு."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். கார் கதவு சாத்தும் சத்தம். மடிக்கணினி திறக்கக் கொஞ்ச நேரம். பிறகு,

"அலமாக்! விழுற பாக்கெட் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுதுண்ணே. இங்க வந்து சேர்றதை எங்க ரூட்டரே தூக்கிப் போடுது."

"மூணாவது லைனைக் கட்டுலேர்ந்து கழட்டுறேன்."

"வேணாம்ணே. இருக்கிற நெரிசல்ல ஒண்ணைக் கழட்டினா மத்த ரெண்டும் படுத்துக்கும். எல்லாம் நின்னா உங்க தலையிலதான் விழும்."

"கூட்டத்துக்கு இன்னும் நாலு நாள்தான் தம்பி. இதுக்கு மேல என் தலையில விழ என்னா இருக்கு?"

கழற்றினார். திரையில் முதலில் எல்லாம் நின்றது. அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு முடிவு போனது. இன்னொன்று. மெதுவாகத்தான் போயின, ஆனால் நிற்காமல் போயின.

"விழல" என்றார் ரூபேந்திரன். பிறகு, "பந்தியில இந்நேரம் ரசம் ஊத்தற வரைக்கும் வந்திருப்பாங்க" என்றார்.

சாலை வேலைக்காக மூன்றாவது லைனைச் சுற்றுவழியில் மாற்றி விட்டதாகத் தொலைத்தொடர்பு நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. பழைய வழிக்குக் கொண்டுவந்ததும் அதை மற்ற இரண்டோடு மறுபடி சேர்த்தார்கள். ரூபேந்திரன் தன் அறிக்கையை மாற்றி எழுதினார். சோதனைக்கு வெள்ளிக்கிழமையைக் குறித்தது யார் என்பதை அதில் விட்டுவிட்டார். கூட்டத்தில் அண்ணனே அதைச் சொன்னார்.

சதாசிவம் கேட்டுவிட்டு, "உங்க லீவு வேற, எங்க லீவு வேற. அங்க ஒரு ஆள் இருந்துதான் ஆகணும்" என்றாராம். அண்ணனின் வேலை தப்பியது. ஆனால் அது தப்பிய காரணம் அண்ணனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அதனால்தான் அக்டோபரில், ஜனவரியிலிருந்து ஜோகூருக்கும் சனி, ஞாயிறு விடுமுறை என்ற அறிவிப்பு வந்தபோது, வீட்டில் அண்ணி மட்டும்தான் சந்தோஷப்பட்டார். சிங்கப்பூரிலும் சனி, ஞாயிறுதான் விடுமுறை; அண்ணிக்கு இனி இரண்டு நாளும் கணவர் வீட்டில். அண்ணனுக்கோ, தம்போயில் ஆள் வேண்டும் என்பதற்குச் சதாசிவம் சொன்ன ஒரே காரணம் போய்விட்டது. டிசம்பர் முழுக்கச் சிங்கப்பூர் வேலை விளம்பரங்களைப் பார்த்தார். நானும் பயணச்சீட்டு எதுவும் வாங்காமல் இருந்தேன்.

2025-இன் முதல் ஞாயிறு. அண்ணி தோசை சுட்டுக்கொண்டிருந்தார். லோஷினிக்கு அன்று யூனிஃபார்ம் இல்லை. அண்ணனின் கைப்பேசியில் ரூபேந்திரனின் செய்தி வந்தது. படித்துவிட்டு எங்களிடம் நீட்டினார்.

"அண்ணே, இப்ப எல்லாருக்கும் ஒரே லீவு, தம்போய் ஆளை எடுத்துடலாமான்னு வெள்ளிக்கிழமை சதாசிவம் கேட்டாரு. பந்தியிலேர்ந்து என்னை எழுப்ப ஒரு ஆள் வேணும் பாஸ்னு சொன்னேன். சரின்னுட்டாரு. இனிமே நெரிசல் திங்கக்கிழமை. நாளைக்குக் காலையில மூணும் சேர்ந்து ஓடும்போது நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்தப் பக்கம் பாக்குறேன். இன்னிக்கு மட்டும் தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க."