செம்போத்து பார்க்க நின்றவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் வீடு கட்டினோம். மதிலோரம் நான் நட்ட கொய்யாவும் மருதாணியும் அடர்ந்து புதரானதும், அதில் ஒரு செம்போத்துப் பறவை குடியேறியது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் புதர் ஆகவே ஆகாது.

"டீச்சர், வீட்டுல காடால்லா வளக்கிய! பாம்பு வந்தா யாரு பதில் சொல்லுதது?" என்று ஓயாத சண்டை.

அதே மனிதர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, செம்போத்து கண்ணில் படும்வரை எங்கள் வாசலில் நிற்பார். அதைப் பார்த்துவிட்டுப் போனால் போகிற காரியம் நடக்குமாம்.

ஒருமுறை நாங்குநேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், மதிலோரம் மொட்டையாகக் கிடந்தது. "ஆள் விட்டு நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மறுநாள் காலை மதிலுக்கு மேல் அவர் தலை தெரிந்தது.

"செம்போத்த எங்க டீச்சர் காணல? இன்னைக்கு முக்கியமான சோலி இருக்கு."

"நீங்க வெட்டுன புதர்லதான் அது இருந்துச்சு, அண்ணாச்சி. இனிமே பூனை குறுக்க வந்தா பாத்துட்டுப் போங்க."

அவர் முகம் செத்துப்போனது. எனக்கு இரக்கமே வரவில்லை. பறவையைத் தேடுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போது யாராவது பறவை பிடிக்கும் என்றால், உங்கள் வீட்டில் புதர் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.