பத்து லட்சத்து ஒன்பது

என்னைப் பெண் பார்க்க வந்தவர் எரியோடு ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நானும் மதுரையில் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, திண்டுக்கல்லில் அப்பா வீட்டில் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: "பத்து லட்சத்து ஒன்பது பகா எண்தான், தெரியுமா? எதுலயும் வகுபடல."

தெரியாது என்று தலையாட்டினேன். மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்று மறுநாளே தகவல் வந்தது. என் பதிலுக்காக வீடு காத்திருந்தது. எனக்கோ அந்த எண்தான் மண்டைக்குள் ஓடியது. எதுலயும் என்றாரே, எதுவரை பார்த்தார்?

அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய ஆயிரம்; அதுவரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஆரம்பித்தேன். ஏழால் வகுத்தால் மீதி மூன்று. பதினொன்றுக்குப் பத்து, பதின்மூன்றுக்கும் பத்து. நூறைத் தாண்டியதும் ஒரு தப்பு. பாதியை அழித்துத் திரும்பப் போட்டேன். எழுந்து கொல்லைக்குப் போவேன், கிணற்றை எட்டிப் பார்ப்பேன், திரும்பி வருவேன்.

"செத்த நேரம் ஒரு இடத்துல உக்காரேன். அடுப்புல வெஞ்சனம் தீயுறதுகூடத் தெரியல உனக்கு" என்றாள் அம்மா.

நான்காம் நாள் முற்பகலில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றால் வகுத்தேன். மீதி வரவில்லை. நம்பாமல் பெருக்கினேன். இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றை மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்றால் பெருக்கினால் பத்து லட்சத்து ஒன்பது, சரியாக. மூன்று தடவை பெருக்கியும் அதேதான்.

அந்த ஒற்றை வரியைக் கார்டில் எழுதி, அவருடைய பள்ளி முகவரிக்கு நானே தபாலில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"கல்யாணம் பேசுற இடத்துல தப்புக் கண்டுபிடிச்சு எழுதுவாகளா?"

"தப்பு தப்புதானப்பா" என்றேன். தபால்காரர் தெருவுக்கு வரும் நேரமெல்லாம் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வாத்தியார் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தைவிட, சும்மா மழுப்பிவிடுவாரோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

நான் கார்டு போட்ட ஆறாம் நாள் அப்பா பெயருக்குக் கார்டு வந்தது. அவர் சத்தமாகப் படித்தார்: "உங்கள் மகள் எழுதியது சரி. நான் இருநூறோடு நிறுத்திவிட்டுப் பகா எண் என்று சொன்னது தவறு. என் சம்மதத்தில் மாற்றமில்லை. அவருக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதவும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சரின்னு எழுதுங்கப்பா" என்றேன்.

அதற்குப் பிறகும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொடியில் காய்ந்திருந்த துணிகளை எடுத்து வந்து மறுபடியும் துவைக்கப் போட்டேன். அம்மா அன்றைக்குத் திட்டாமல் சோப்பை எடுத்து நீட்டினாள்.