மலாஷா கதவு பார்க்கிறாள்

வீட்டுக்குள் நுழைந்ததும் மலாஷா சுகராஃப் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. காலணியை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பளிக் காலுறையோடு நேராகப் படுக்கையறைக்குப் போவாள். உள்ளே யாராவது தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, உடை மாற்றிக்கொண்டிருந்தாலும் சரி, கதவை ஒரு முறை மூடித் திறப்பாள். காது கொடுத்துக் கேட்பாள். மறுபடி மூடுவாள். அதற்கப்புறம்தான் அந்த வீட்டில் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பது அவள் நினைவுக்கு வரும்.

"முனகுது. நாளைக்கு வரேன்" என்பாள். இல்லாவிட்டால், "கடிக்குது. ஏணி எங்க?" என்பாள். கதவு சத்தமே போடாமல் மூடிக்கொண்டால் அதன் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள்.

கூரையில் பனி ஏற ஏற உத்தரம் கீழே அமுங்கும். உத்தரம் அமுங்கினால் கதவு நிலையும் அமுங்கும். நேற்றுவரை ஒழுங்காக மூடிய கதவு இன்று மேல் விளிம்பில் இடிக்கும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எத்தனை இடித்தால் எத்தனை பனி என்பது மலாஷாவுக்கு மட்டும்தான் தெரியும். "கீழ நின்னு கூரையப் பாத்தா ஒண்ணும் தெரியாது. வெள்ளையா அழகா இருக்கும், அவ்வளவுதான். கதவு பொய் சொல்லாது" என்பாள்.

ஊரின் பெயர் தேர்ட் பிரிட்ஜ். மலைக்கு அந்தப் பக்கம் பனிச்சறுக்கு விடுதிகள், வண்ண விளக்குகள், காசு உள்ள ஜனங்கள். இந்தப் பக்கம் செடார் மரமும் ஹெம்லாக் மரமும் நாங்களும். வரைபடத்தில் நாங்கள் சரியாக மடிப்பு விழுகிற இடத்தில் இருக்கிறோம். நாலு தடவை மடித்து விரித்தால் ஊரே தேய்ந்து போய்விடும். அரசாங்கம் மறக்கும், தொலைபேசிக் கம்பெனி மறக்கும். பனி மட்டும் ஒரு வருஷம்கூட எங்களை மறந்ததில்லை. தகரக் கூரை போட்டவர்களுக்கு அது தானாகச் சரிந்து விழுந்துவிடும். பழைய செடார் ஓட்டுக் கூரைக்காரர்களுக்கு மலாஷாதான் கதி.

ஐம்பத்தெட்டு வயது. குள்ளம். தோள் மட்டும் கதவகலம். கோடையில் நாற்றங்காலில் மரக்கன்று கட்டுகிறாள். நவம்பர் பிறந்தால் பனி வாரும் அலுமினிய வாரியும் கயிறுமாகக் கிளம்பிவிடுவாள். கயிற்றின் ஒரு நுனியை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஹெம்லாக்கில் கட்டுவாள், மறு நுனி இடுப்பில். இந்தப் பக்கம் ஒரு பாத்தி வாரினால் அந்தப் பக்கம் ஒரு பாத்தி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறு பக்கம் போகலாமே என்று யாராவது யோசனை சொன்னால் போச்சு. "படகுல எல்லாரும் ஒரே பக்கமா உக்காருவீங்களா? உக்காந்து பாருங்களேன்!"

மேலே இருக்கும்போது பாடுவாள். ருஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய டூகபோர் என்ற சமயக் கூட்டத்துப் பெண். தாத்தா பாட்டன் காலத்து ருஷ்யத் துதிப்பாடல்கள் ஒரு நூறு அவளுக்கு மனப்பாடம். குரல் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் ஒரு காரியம் இருக்கிறது: பாட்டு கேட்கிறவரை இறவாணத்துக்கு அடியில் யாரும் வரக்கூடாது. பாட்டு நின்றால் வரலாம். எங்கள் ஊர் நாய்க்குக்கூட இந்தச் சட்டம் தெரியும்.

அந்தக் கூட்டத்து வழக்கப்படி மாமிசம் தொடமாட்டாள், முட்டைக்கோஸ்தான். காப்பி கொடுத்தால் ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு மேலே ஏறிவிடுவாள். இறங்கி வந்து ஆறிப்போனதை ஒரே மடக்காகக் குடிப்பாள். சூடாகக் காப்பி குடித்த மலாஷாவை யாரும் பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு எப்படி வந்தாய் என்று கேட்டால் மாடுகளைப் பற்றிச் சொல்வாள். இருபது வருஷத்துக்கு முன்னால் அவளிடம் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. ஒரு சாயங்காலம் தொழுவத்துக் கதவு மூட மறுத்தது. குளிர், அவசரம், எரிச்சல். காலால் ஓங்கி ஓர் உதை விட்டு மூடினாள். விடிந்து பார்த்தால் தொழுவமும் இல்லை, மாடுகளும் இல்லை; பனிமேடு ஒன்றுதான் இருந்தது. "அது சொல்லுச்சு. நான் எட்டி ஒதச்சேன்" என்பாள். இதற்கு மேல் அந்தக் கதையில் ஒரு சொல் சேர்க்கமாட்டாள். அதற்கப்புறம் பத்தொன்பது குளிர்காலம். அவள் கதவு பார்த்த வீடுகளில் ஒன்றுகூட விழவில்லை.

அந்தப் பத்தொன்பதும் இந்த பிப்ரவரியில் ஒரே நாளில் மண்ணாகப் பார்த்தது. காரணம் ஹால்வர் ப்ரெக்கே.

ஹால்வருக்கு எழுபத்துநாலு வயது. மூடிப்போன மர ஆலையில் முப்பது வருஷம் மேஸ்திரி. மலாஷா சிறு பெண்ணாக வேலை கேட்டுப் போனபோது, "பலகை தூக்கற வேலைம்மா இது, முட்டைக்கோஸ் நறுக்கற வேலையில்ல" என்று திருப்பி அனுப்பிய மகான். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் தன் கூரையைத் தானே வாருகிறேன் என்று ஏறி, வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர் மகள் நகரத்திலிருந்து ஓடி வந்தாள். "இன்னொரு தடவ அந்தக் கூரையால ஏதாவது வந்துச்சு, வீட்ட வித்துட்டு என்கூட வந்துடணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். நகரத்தில் மகள் இருப்பது ஒன்பதாவது மாடி. ஹால்வர் பிறந்த நாள் முதல் ஒரு மரத்தின் உயரத்துக்கு மேலே வசித்தவரில்லை.

அதனால் மலாஷா வந்து அவருடைய பச்சைக் கதவை மூடிப் பார்க்கும்போதெல்லாம் மனிதர் குறுகிப்போவார். அவள் 'கடிக்குது' என்று சொன்னால் அது மதியத்துக்குள் ஊர்க் கடையில் இருக்கும் தபால் கவுண்டருக்குப் போகும். தபால் கவுண்டரில் இருக்கும் கொரீனும் அவர் மகளும் பள்ளித் தோழிகள். அப்புறம் ஒன்பதாவது மாடிதான்.

பிப்ரவரியில் ஐந்து நாள் விடாமல் பனி கொட்டியது. ஆறாம் நாள் காலை மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் பனி கரைந்துவிடும் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். பனி அந்தத் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். நேற்று இறகாக இருந்தது இன்று ஈர மணல். மலாஷா விடிந்ததும், பனியில் புதையாமல் நடப்பதற்கான பனிநடைச் சட்டங்களைக் காலில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். முதல் வீடு ஹால்வருடையது.

"வாம்மா, கதவு டாக்டரு!" என்றார் ஹால்வர், அடுப்படியிலிருந்து.

மலாஷா நேராக உள்ளே போனாள். பச்சைக் கதவை மூடினாள். சத்தமில்லை. மறுபடி மூடினாள். ஒரு முனகல்கூட இல்லை. அவளுக்கே ஆச்சரியம். கதவின் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள்.

"நான் கட்டின வீடும்மா. நாப்பத்தாறு வருஷம்! முட்டைக்கோஸ் திங்கறவங்க கட்டினதுன்னு நெனச்சியா?"

"பாத்தாச்சு பாத்தாச்சு. பெருமைய மூட்ட கட்டி வைங்க, மழ விட்டதும் வந்து வாரிடறேன்."

நிஜமாகவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கிழவனின் வீடு ஒன்றாவது இன்றைக்குத் தாங்கும்.

அடுத்த மூன்று வீடுகளில் இரண்டு முனகின, ஒன்று கடித்தது. அதை வாரி முடித்துவிட்டு ஐந்தாவதாகக் கொரீன் வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. கொரீன் வீட்டுக் கதவும் கடித்தது. ஏணி எடுக்கப் போவதற்காக வாசல் பலகையில் உட்கார்ந்து காலணி மாட்டும்போது, காலுறையின் அடியில் என்னவோ குத்தியது. பிடுங்கிப் பார்த்தாள். மரச்சீவல். இழைப்புளியிலிருந்து சுருண்டு விழுகிற நீளச் சுருள். முகர்ந்தாள், புது மரத்தின் பிசின் வாசனை இல்லை, பழைய மரம். விரித்தாள். சீவலின் இரண்டு விளிம்பிலும் நூல் பிடித்த மாதிரி பச்சைப் பெயின்ட்.

"என்னது அது?" என்றாள் கொரீன்.

மலாஷா மற்றக் காலணியையும் மாட்டிக்கொண்டு எழுந்தாள். "உன் கூரை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். நீ இங்க இருக்காத, கடையில போய் உக்காரு" என்றாள். சீவலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

அரை மைல். ஈரப் பனியில் ஒவ்வோர் அடியும் முழங்கால்வரை இழுத்தது. வழியெல்லாம் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டே போனாள். மேல் விளிம்பை இழைத்துவிட்டால் எந்தக் கதவும் கடிக்காது. போயும் போயும் ஒரு பொய்க் கதவை முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்! மாடுகளின் ஞாபகம் வந்தது. அன்றைக்காவது கதவு உண்மையைச் சொல்லியது.

ஹால்வர் மதியச் சாப்பாட்டுக்கு மேல் படுக்கையில் படுத்திருந்தார். அவருக்கு நேர் மேலே உள்கூரைப் பலகையில் சுவரிலிருந்து சுவர்வரை புதிதாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"எந்திரி" என்றாள் மலாஷா. அவரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

"என்னடி ஆச்சு உனக்கு? காலைல பாத்துட்டுத்தானே போன? கதவு நல்லாத்தானே..."

அவள் சீவலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஹால்வர் அதைப் பார்த்தார். அப்புறம் உள்கூரையைப் பார்த்தார். எழுந்து ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

தகரக் கூரை போட்ட விறகுக் கொட்டகையில் அவரை உட்கார வைத்து, தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். "நான் சொல்றவரைக்கும் வெளிய வந்தே, நானே உன் மகளக் கூப்பிட்டு ஒப்படச்சிடுவேன்!"

முதலில் ஏணியில் நின்றபடியே நீளக் கம்பி வாரியால் விளிம்புப் பனியை இறக்கினாள். பிறகு கயிற்றைக் கட்டிக்கொண்டு மேலே போனாள். இந்தப் பக்கம் ஒரு பாத்தி, அந்தப் பக்கம் ஒரு பாத்தி. அன்றைக்குப் பாட்டு இல்லை. மூச்சு விடவே நேரம் இல்லாதபோது எங்கே பாட? காலுக்கடியில் கூரையைத் தாங்கும் கைமரம் ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று பாதத்தால் கேட்டுக்கொண்டே நகர்ந்தாள்.

கொட்டகையில் ஹால்வருக்கு வாரியின் சத்தம் மட்டும் கேட்டது. சர்ர். தொப். சர்ர். தொப். திடீரென்று விறகு பிளக்கிற மாதிரி 'டமார்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"மலாஷா!" ஊன்றுகோலைக்கூட மறந்து ஓடி வந்தார். "ஏய், மலாஷா!"

கூரை உச்சி மோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொப்பி ஒன்று எழுந்தது. "கைமரம் ஒண்ணு விட்டுடுச்சு. நான் விடல. உள்ள போ கெழவா! நான் தள்ளற பனி உன் தலைலதான் விழும்."

"பாட்டு நின்னா வரலாம்னு நீதானே சட்டம் போட்ட?"

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

ஹால்வர் அங்கேயே நின்றார். மழையில் அவர் தாடி நனைந்தது. பத்தொன்பது வருஷமாக அவளுடைய பாட்டைக் கேட்டால் பால் திரிந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்.

"அப்ப பாடித் தொலை" என்றார். "பாடினாத்தான் நீ மேல இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கூரைமேல் பாட்டு ஆரம்பித்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு, மூன்று சொல்லுக்கு ஓர் இருமல் என்று வந்தது. ஹால்வர் கொட்டகைக்குத் திரும்பிப் போய், விறகின்மேல் உட்கார்ந்து, கடைசிவரை அதைக் கேட்டார்.

பாட்டு நின்றபோது மணி மூன்று. இருவரும் பரணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கைமரம் மூன்று உடைந்து வெள்ளை தெரிந்தது. மூன்றும் கட்டிலுக்கு நேர் மேலே. ஹால்வரே தடியான தூண் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார், மலாஷா அதை முட்டுக் கொடுத்தாள். இன்னும் கொரீன் வீடு இருந்தது. ஈரச் சட்டையோடு அவள் கிளம்பிப் போய் அதையும் வாரிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பவும் ஹால்வர் வீட்டுக்கே வந்தாள்.

அவர் காப்பி போட்டு வைத்திருந்தார். ஆறியிருந்தது. அவளுக்காக ஆற வைத்திருந்தார்.

மலாஷா அதைத் தொடவில்லை. பச்சைக் கதவுக்குப் போய், கத்தி முனையால் கீலின் ஆணிகளை நெம்பி எடுத்தாள். கதவைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை மேசைமேல், அவர் கோப்பையை நகர்த்திவிட்டு, படுக்க வைத்தாள். ஒரு பக்கத்து நாற்காலியில் அவரும் எதிர்ப்பக்கத்தில் அவளும். நடுவில் இழைத்த மேல் விளிம்பு பச்சையில்லாமல் வெறும் மரமாக இருந்தது.

"எவ்ளோ இழைச்சீங்க?"

"ஒரு விரக்கடை." அவர் தலை நிமிரவில்லை. "கொரீன் கேட்டாளா?"

"கேட்டா."

"என்ன சொன்ன?"

"முதுகு வலி, அதான் லேட்டுன்னேன்."

ஹால்வர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "எம் மகளுக்கு ஃபோன் போடுவியா மலாஷா?"

மலாஷா சட்டைப்பையிலிருந்து சீவலை எடுத்தாள். நனைந்து தளர்ந்திருந்த சுருளைக் கதவின் மேல் விளிம்பில் வைத்து, நுனியிலிருந்து மெல்ல நீவி நேராக்கினாள். இரண்டு பக்கப் பச்சைக் கோடும் கதவின் பச்சையோடு அப்படியே பொருந்தின.

"ஒட்டுங்க. மிச்சத்துக்கு ஒரு பட்டையோட நாளைக்கு வந்து கதவு பாக்கறேன்" என்றாள்.

ஹால்வர் எழுந்து கோந்து டப்பாவைத் தேடப் போனார். ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. விட்டால் சீவல் மறுபடி சுருண்டுகொள்ளும். அவர் திரும்பி வருகிறவரை மலாஷா அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.