பதினெட்டாவது பைல்

இது நடந்தது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மல்லிகைப்பூ வாசத்தோடுதான் வரும் என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இது பட்டப்பகலில் நடந்தது. போன மே மாதம், சனிக்கிழமை, மணி பன்னிரண்டு நாற்பது. இடம், கோயம்புத்தூரில் முன்னாள் ராணுவத்தினருக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு பாலிகிளினிக். நேரத்தில் தவறு இருக்காது. செல்லாத்தாள் அன்றைக்குக் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

செல்லாத்தாளுக்கு ஊர் வெள்ளகோவில். வீட்டுக்காரர் காளிச்சாமி, ஓய்வு பெற்ற ஹவில்தார். சர்க்கரை முற்றி வலது கால் முழங்கால்வரை கறுத்துவிட்டது. கோவையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் படுக்க வைத்தாயிற்று. அன்றைக்குள் காலை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அரசுச் செலவில் செய்ய, பாலிகிளினிக் டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு இரண்டு மணிக்குள் வரவேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை. திங்கட்கிழமைவரை அவர் தாங்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

அங்கே ஆள் வரிசையில் நிற்பதில்லை, பைல்தான் நிற்கும். நீள பெஞ்சில் வந்த வரிசைப்படி பைலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். தூரத்து ஊர்க்காரர்கள் முந்தின நாளே அட்டெண்டர் யூனுஸிடம் பைலைக் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. அவர் காலையில் ஆறு மணிக்கு எடுத்து வரிசையில் வைப்பார். அடுத்தவர் பைலை யாரும் தொடமாட்டார்கள். பெயரை மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் பைல் கடைசிக்குப் போய்விடும்.

செல்லாத்தாளின் பைல் முப்பத்தோராவது. டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

"ஏனுங்க, எங்க பைலைக் கொஞ்சம் முன்னாடி வெச்சு உடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க."

"எல்லாருக்கும் அவசரந்தானுங்கக்கா. நான் பைல்ல கை வெச்சா இந்தப் பட்டாளத்துக்காரங்க என்னையத் தின்னுபோடுவாங்க" என்றார் யூனுஸ். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் சங்கடம்தான்.

பன்னிரண்டு முப்பத்தைந்து. பதினேழாவது பைல் உள்ளே போயிற்று. செல்லாத்தாள் தனக்கு முன்னால் மிச்சமிருந்த பதின்மூன்று பைலையும் எண்ணினாள்.

அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கவனித்தாள். எழுபது வயதிருக்கும். நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தார். அந்த வெயிலிலும் பச்சை நிறக் கம்பளி ஸ்வெட்டர். ஒரு பொட்டு வேர்வை இல்லை.

மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. பெஞ்சிலிருந்த பைல்களின் தாள்கள் படபடத்தன. அவருடைய வெள்ளை முடி மட்டும் அசையவில்லை...

"சுபேதார் சுந்தரராஜுலு!" யூனுஸ் கூப்பிட்டார். யாரும் எழவில்லை.

"சுபேதார் சுந்தரராஜுலு!"

பெரியவர் தலையைத் திருப்பிச் செல்லாத்தாளைப் பார்த்தார். பதினெட்டாவது பைலைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"உங்களைத்தானுங்க கூப்புடறாங்க?"

அவர் கை மெல்ல நகர்ந்தது. அந்தப் பைலை அவள் மடியில் வைத்தது.

பைல்... ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது.

"சுபேதார் சுந்தரராஜுலு! கடைசித் தடவைங்க!"

செல்லாத்தாள் எழுந்தாள். "வந்துட்டமுங்க!"

தன் பைலையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். தன்னுடையதை மேலே வைத்தாள். டாக்டர் காலின் போட்டோவைப் பார்த்தார். உடனே கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டு நாற்பத்திரண்டு.

வெளியே வந்து கும்பிடலாம் என்று பார்த்தாள்.

பெஞ்சில் பைல்கள் மட்டும்தான் இருந்தன.

சுபேதாரின் பைலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஓடினாள். சீட்டு ஒன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. கால் போயிற்று, உயிர் நின்றது. செல்லாத்தாள் அன்று அழுத அழுகையில் பாதி சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்குக் காளிச்சாமி கண் திறந்தார்.

"மஞ்சிநீள்ளு..."

செல்லாத்தாளுக்குப் புரியவில்லை. நர்ஸ்தான் சொன்னாள். "தெலுங்குல குடிக்கத் தண்ணி கேக்கறாருங்கம்மா. பட்டாளத்துல பழகியிருப்பாரு."

இருக்கலாம். ஆனால் முப்பத்தாறு வருசக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து ஒரு தெலுங்குச் சொல் வந்ததில்லை. ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார், முன்பின் தெரியாத பெண்ணுக்கு நன்றி சொல்வதுபோல.

மயக்கமருந்தின் வேலை, சரியாகிவிடும் என்றார் டாக்டர். அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். வேறு எதைப் பிடிப்பாள்?

திங்கட்கிழமை, பத்து இருபது. அடுத்த சீட்டுக்காகப் பாலிகிளினிக் போனவள் யூனுஸைக் கேட்டாள். "அந்த சுபேதாரய்யா வந்தாருங்களா? பைலைக் குடுத்து உதவுனாருங்க, ஒரு வார்த்தை சொல்லோணும்."

யூனுஸ் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அவரு சனிக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்கே மேட்டுப்பாளையத்துல தவறிட்டாருங்கக்கா. வெள்ளிக்கிழமை சாயந்தரமே பைலைக் குடுத்துட்டுப் போயிருந்தாரு. விசயம் தெரியாம நாந்தான் வரிசைல வெச்சேன். அன்னைக்கு நீங்க மட்டுந்தான உக்காந்திருந்தீங்க அந்தப் பெஞ்சுல? அதா, அவரு சம்சாரம் அவரோட வைத்தியக் கார்டை ஒப்படைக்க வந்திருக்காங்க."

மூலையில் ஓர் அம்மாள். ரங்கநாயகி என்று பெயர். செல்லாத்தாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாளே பேசினார்.

"குடிக்கத் தண்ணி கேட்டாருங்க. கொண்டாறதுக்குள்ள..."



போன் அடித்தது. பத்து முப்பத்தொன்று. வார்டு நர்ஸ். அவசரத்தில் விரல் தவறி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க. ஊட்டுக்குப் போகணும்னு ஒரே தெலுங்கு... உங்க ஊரு வெள்ளகோவில்தானுங்களே? இவரு மேட்டுப்பாளையம்ங்கறாரு..."

நர்ஸின் பேச்சுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது. கனத்த, நிதானமான குரல். முப்பத்தாறு வருசத்தில் செல்லாத்தாள் ஒருநாளும் கேட்டிராத குரல்.

ரங்கநாயகியம்மாள் சட்டென்று எழுந்து நின்றார். அவர் கண் போனைவிட்டு அகலவில்லை.

"ஏனுங்க... இது எங்க ஊட்டுக்காரருங்க."